வந்துபோனதா, வரப்போவதா

தொல்மே,
1959 மே 4

தம்பி தல்சுவுக்கு,

சபைப் பத்திரிகை இந்தக் கரைக்கு வந்து சேர எப்போதும் ஒரு மாதம் தாமதமாகும். சம்சொன்போவிலிருந்து வருகிற படகுக்காரர் அதில் மீன் கட்டாமல் கொண்டுவந்தாலே பெரிய விஷயம். இந்த முறை முழுசாகக் கொடுத்தார். பிரித்தால் உன் பெயர். ஜெபத்துக்கு வந்திருந்த பெண்களை எல்லாம், "உக்காருங்க, எங்க தல்சு எழுதியிருக்கான், வாசிக்கிறேன்" என்று உட்கார வைத்துவிட்டேன். தேகுவில் வேதக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கிற தம்பி எல்லோருக்கும் இல்லையே.

இரண்டாவது பக்கத்தில் என் வாய் நின்றுபோனது.

"அப்புறம் என்ன எழுதியிருக்காரு?" என்று கொப்தான் கேட்டாள். கடற்கரைத் தெருத் தையல்காரி, புருஷனை யுத்தத்தில் பறிகொடுத்தவள், எதையும் பாதியில் விடமாட்டாள். "கண்ணு மங்குது, நாளைக்குப் பாக்கலாம்" என்று பொய் சொன்னேன். பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பொய்.

மத்தேயுவின் இருபத்துநான்காம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன, கடைசி நாளின் மகா உபத்திரவம் முடிந்துபோன விஷயம் என்று எழுதியிருக்கிறாய். ரோமர்கள் எருசலேமை இடித்தார்களே, அதுதான் என்கிறாய். வெளிப்படுத்தல் புத்தகம் சொல்கிற மிருகமும் எப்போதோ செத்துப்போன ஒரு ரோம ராஜா என்கிறாய். எல்லாம் வந்துபோய்விட்டதென்றால், நாம் எதற்காகக் காத்திருக்கிறோம்? அப்பா எதற்காகச் செத்தார்? இதற்கு மட்டும் பதில் எழுது. அடிக்குறிப்பெல்லாம் வேண்டாம்.

அக்கா
உன்சில்

*

தேகு,
1959 மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. மூப்பர் சங்கத்தைவிட உங்களுக்குத்தான் அதிகம் பயந்தேன்.

அந்த அதிகாரத்தை ஒருமுறை, எதுவும் தெரியாதவர் போல வாசித்துப் பாருங்கள். சீடர்கள் ஆலயத்தைக் காட்டி எவ்வளவு பெரிய கற்கள் என்கிறார்கள். இதில் ஒரு கல்லும் மிஞ்சாது என்கிறார் ஆண்டவர். எப்போது என்று கேட்கிறார்கள். பட்டாளம் சூழும்போது மலைக்கு ஓடுங்கள், வீட்டுக்கூரையில் இருப்பவன் சாமான் எடுக்க இறங்கவேண்டாம், வயலில் இருப்பவன் மேலாடை எடுக்கத் திரும்பவேண்டாம், பால் கொடுக்கிற தாய்மார்கள் பாவம், குளிர்காலத்தில் நடக்காதபடி வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறார். யாரைப் பார்த்துப் பேசுகிறார்? எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து. இந்தத் தலைமுறை முடிவதற்குள் நடக்கும் என்றும் சொல்கிறார். நடந்தது. அவர் பேச்சைக் கேட்டு ஓடியவர்கள் பிழைத்தார்கள் என்று பழைய சபைச் சரித்திரம் சொல்கிறது. எனக்கு அது எவ்வளவு பெரிய அன்பாகத் தெரிகிறது, தெரியுமா அக்கா? உலக முடிவுக்குக் கால அட்டவணை போட்டுக் கொடுப்பவராக அவர் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களின் பிள்ளைகள் பிழைக்க வேண்டுமே என்று தவிக்கிற ஒருவராகத் தெரிகிறார்.

யுத்தம் நடந்த குளிர்காலத்தில் அகதி முகாமில் இருந்தேன் அல்லவா. ஒரு பிரசங்கி வந்து இதுதான் அர்மகெதோன், உலகத்தின் கடைசிப் போர் என்றார். விதை பார்லியைக்கூட அவித்துத் தின்றுவிட்டார்கள், இனி விதைப்பு எதற்கு என்று. வசந்தம் வந்தது. அவர் அடுத்த முகாமுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குள் இந்தக் கேள்வி.

ஆண்டவர் மறுபடி வரமாட்டார் என்று நான் எழுதவில்லை. மரித்தவர்கள் எழுவதையும் மறுக்கவில்லை. அப்பாவைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

தம்பி
தல்சு

*

தொல்மே,
1959 ஜூன் 8

தல்சு,

பதில் இல்லை என்கிறாய். என்னிடம் இருக்கிறது.

அப்பாவைக் கொண்டுபோனபோது நீ பதினான்கு வயதுப் பையன். சிறைக்குப் பஞ்சு வைத்துத் தைத்த சட்டையை எடுத்துக்கொண்டு போனவள் நான். ஜப்பான்காரர்கள் ஆண்டபோது அவர்கள் கோயிலில் குனிய மறுத்ததற்காக மட்டும்தான் அவரைப் பிடித்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா? ஒரு நாள் விசாரணை அறைக்கு வெளியே என்னைக் காக்கவைத்தார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. அதிகாரி உரக்கக் கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டான்.

"உங்க இயேசு மறுபடி வர்றாருன்னு ஊரெல்லாம் சொல்றீங்களாமே. வந்து என்ன செய்வாரு?"

"நியாயம் தீர்ப்பாரு."

"யாரை?"

"எல்லா ராஜாக்களையும்."

"எங்க சக்கரவர்த்தியையுமா?"

அப்பா பதில் சொல்வதற்குள் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, பொய் சொல்லுங்க அப்பா, பொய் சொல்லுங்க என்று வேண்டிக்கொண்டிருந்தேன். இதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

"அவரையும்தான்" என்றார் அப்பா.

அவ்வளவுதான். அதற்குப்பிறகு அவர் வீட்டுக்கு வரவேயில்லை. நான்கு குளிர்காலம் சென்று எலும்பைத்தான் கொடுத்தார்கள். தம்பி, அன்றைக்கு அவர், "ஐயா, அதெல்லாம் ரோமர் காலத்துப் பழைய சமாச்சாரம், உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை" என்று உன்னைப்போலப் படித்த பதில் ஒன்று சொல்லியிருந்தால் அந்த அதிகாரியே தேநீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பியிருப்பான். உன் கட்டுரை அவனுக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

அவர் வருவார் என்பதை மறுக்கவில்லை என்கிறாய். ஆனால் முன்னால் இருந்ததை எல்லாம் அள்ளிப் பின்னால் போட்டுவிட்டு எங்களுக்கு ஒரு கரண்டி அளவு மிச்சம் வைத்திருக்கிறாய். நான் இங்கே ஒவ்வொரு ஜெபத்திலும் அவர் வருகையைப் பற்றியே சொல்லிக்கொடுக்கிறேன். எக்காளம் ஊதும்போது எதையும் எடுக்காமல் எழுந்து போகத் தயாராக இருங்கள் என்கிறேன். முன்பைவிட அதிகமாகச் சொல்கிறேன், உன்னால்.

நான் சொல்வது சரி என்று உனக்குப் படும்வரை எனக்கு எழுதாதே.

உன்சில்

*

தேகு,
1959 செப்டம்பர் 19

அக்கா,

புயலில் தென்கரை முழுக்கப் போய்விட்டது என்று வானொலி சொல்கிறது. சம்சொன்போவுக்குத் தந்தி போகவில்லை. பேருந்தும் இல்லை. நீங்கள் எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன். உயிரோடு இருந்தால் ஒரு வரி போடுங்கள். திட்டுவதாக இருந்தாலும் சரி.

தல்சு

*

தொல்மே,
1959 செப்டம்பர் 24

தம்பி,

உயிரோடு இருக்கிறேன்.

அறுவடைத் திருநாள் அல்லவா, எல்லா வீட்டிலும் கொழுக்கட்டை அவித்து வைத்திருந்தார்கள். முந்தின சாயங்காலமே கடல் ஒரு மாதிரி இருந்தது. விடியும்போது தண்ணீர் படகுத்துறையைத் தாண்டி வலை உலர்த்துகிற மணலுக்கு வந்துவிட்டது. காற்றில் கதவைத் திறக்க முடியவில்லை. நம் கோயிலும் என் வீடும் மேட்டில் இருப்பதால் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. ஓடிப்போய் மணியைப் பிடித்து இழுத்தேன், நிறுத்தாமல்.

நம் சபைக்காரர்கள் மேலே ஏறி வந்தார்கள். எப்படி வந்தார்கள் தெரியுமா? வெள்ளை உடுப்பு உடுத்திக்கொண்டு, அந்த மழையில், பாடிக்கொண்டு. கிழவர் சோ தன் மனைவியை முதுகில் சுமந்து வந்தார். "வந்துட்டாரா? எந்தப் பக்கம்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. கோடை முழுக்க நான் சொல்லிக்கொடுத்தது அதுதானே. ஆண்டவர் வந்துவிட்டார் என்று நினைத்து ஒரு பொட்டலம்கூட எடுக்காமல் வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள், அவர்களில் பலர் இன்று இல்லை.

கொப்தான் மகள் சுனிமின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் பளபளவென்று இருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவள் முகத்தில் பார்த்ததே இல்லை.

"அவர் வரல, கொப்தான். கடல் ஏறுது. அதான் மணி அடிச்சேன்" என்று காதில் கத்தினேன்.

"கடல்தானா?" என்றாள்.

அவள் முகத்திலிருந்து அந்தப் பளபளப்பு போவதைப் பார்த்தேன். உடனே பழைய கொப்தான் ஆகிவிட்டாள். "ஐயோ, மிஷினை விட்டுட்டு வந்துட்டேனே! கடல்னு சொல்லியிருந்தா எடுத்துட்டு வந்திருப்பேன்ல? பிள்ளையப் பாத்துக்குங்க, இதோ வந்துர்றேன்" என்று என் கையில் சுனிமைக் கொடுத்துவிட்டு இறங்கி ஓடினாள். நான் கத்தினேன். அவள் திரும்பிக் கை காட்டினாள், பயப்படாதீங்க என்பது போல. தையல் மிஷினைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசல்வரை வந்ததை மேலிருந்து பார்த்தோம். அதற்கப்புறம் வாசலே இல்லை.

மேலாடை எடுக்கத் திரும்பாதே என்கிற வசனத்தை நான் அவளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஒப்பிக்கவே செய்வாள். ஆனால் அது கடைசி நாளுக்கானது என்று சொல்லிச் சொல்லிப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டேன். இந்த மாதிரி ஒரு காலை நேரத்துக்கும் ஆகும் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஆண்டவராக இருந்திருந்தால் அவள் திரும்பியிருக்க மாட்டாள் தல்சு. வெறும் கடல் என்றதால்தான் போனாள்.

நீ எழுதியதுதான் சரி என்று சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. இப்போது எனக்கு எதுவுமே தெரியவில்லை. உடம்பு நேற்றுக் கிடைத்தது. அடக்கம் செய்ய இங்கே பாஸ்டர் இல்லை. வழி திறந்தால் வா.

அக்கா

*

தேகு,
1959 அக்டோபர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். தோளில் இன்னும் மண்வெட்டியின் வலி இருக்கிறது. நீங்கள் கட்டிக் கொடுத்த பார்லிச் சோற்றைப் பேருந்திலேயே தின்றுவிட்டேன்.

அங்கே இருந்தபோது நாம் இரண்டு பேரும் அந்த அதிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததற்கு நன்றி. நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம், இப்போது கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு நான் ஜெயித்துவிட்டதாக நினைப்பேன் என்று பயந்தீர்களோ? இல்லை அக்கா. கல்லூரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

கொப்தானின் கல்லறை மூடியதும் நீங்கள் எல்லோரும் இறங்கிப் போய்விட்டீர்கள். சுனிம் மட்டும் நின்றாள்.

"எங்கம்மா எழுந்திருப்பாங்களா?"

"எழுந்திருப்பாங்க."

"எப்போ?"

அக்கா, இதே 'எப்போ'வைப் பற்றி நான் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த வார்த்தைக்குக் கிரேக்கத்தில் என்ன அர்த்தம் என்று தெரியும். "தெரியலம்மா" என்றேன்.

"தெரியாதுன்னா, நிஜமா நடக்கும்னு மட்டும் எப்படித் தெரியும்?" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை. என் வகுப்பில் ஒருவனும் இப்படிக் கேட்டதில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூப்பர் சங்கம் என்னை நவம்பரில் விசாரிக்கிறது. கடிதம் மேஜைமேல் காத்திருந்தது. எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் விட்டுவிடுவார்களாம். எருசலேமைப் பற்றி நான் எழுதியது இன்னமும் சரி என்றே படுகிறது. என்ன செய்ய?

தல்சு

*

தொல்மே,
1959 அக்டோபர் 30

தம்பி,

உன் மூப்பர்கள் இங்கே வந்திருந்தார்கள். இரண்டு பேர், தோல் செருப்போடு, சேற்றில். ஒருவர் செயலாளர். மற்றவர் மூப்பர் பியோ, தலைமைக்கு வரப்போகிறவர் என்று சொன்னார்கள். சம்சொன்போவிலிருந்து உலர்ந்த பழம் ஏதோ வாங்கி வந்திருந்தார்கள், சுனிம் அதைத் தொடவில்லை.

"நீங்க இரத்தசாட்சியோட மகள். உங்க ஒரு வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பு தெரியுமா? உங்க தம்பி எழுதினது அப்பாவோட சாட்சிக்கு விரோதம்னு ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா போதும்" என்றார் பியோ.

"அவன் எழுதினது தப்புதான்" என்றேன்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பேனாவைத் திறந்தார்.

"ஆனா கையெழுத்து போடமாட்டேன்."

"தப்புன்னு நீங்களே சொல்றீங்களே அம்மா?"

"தப்புதான். அவன்கிட்ட சாகறவரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பேன். ஆனா அது எங்க வீட்டுத் தப்பு. எங்கப்பாவை எடுத்து அவனை அடிக்க உங்ககிட்ட கொடுக்கமாட்டேன். அதுக்காகவா அவர் உள்ள கிடந்தாரு?"

அப்பா குனியாத இடத்தில் மூப்பர் பியோ குனிந்தவர். அந்தக் காலத்தில் அநேகமாக எல்லோருமே குனிந்தார்கள், நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது, பேனாவை மூடிவிட்டார். போகும்போது படகில் ஏற முடியாமல் தடுமாறினார். நான்தான் கை கொடுத்தேன்.

என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். உனக்கு உண்மை என்று படாததைச் சொல்லாதே. அந்தக் கதவுக்கு வெளியே நின்று, பொய் சொல்லுங்க அப்பா என்று வேண்டிக்கொண்டவள்தான் சொல்கிறேன்.

சுனிம் என்னோடுதான் இருக்கிறாள். என்னைப் பெரியம்மா என்கிறாள். குறட்டை விடுகிறேனாம்.

அக்கா

*

தேகு,
1959 நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று முடிந்தது. கல்லூரி வேலை போய்விட்டது. மூன்று வருடத்துக்குப் பிரசங்க மேடையில் ஏறக்கூடாது.

திரும்பப் பெற்றுக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். எருசலேம் விழுந்ததைப் பற்றி எழுதியதை மாற்ற முடியாது என்றேன். மூப்பர் பியோ எழுந்து, "அப்படின்னா நம்மகிட்ட இன்னும் என்னதான் மிச்சம் இருக்கு? ஆண்டவர் வர்றாரா இல்லையா?" என்று கேட்டார். "வர்றாரு. எப்போன்னு கேட்டா, தாயைப் புதைச்ச ஒரு பிள்ளைகிட்ட நான் சொன்னதைத்தான் உங்ககிட்டயும் சொல்லமுடியும். தெரியாது" என்றேன். "கட்டுரை எழுதும்போது அந்தத் தாயைப் போல ஒருத்தரும் என் மனசில இல்ல. அதுக்கு வேணும்னா மன்னிப்பு கேட்டுக்கறேன். எழுதினதுக்கு இல்ல" என்றும் சொன்னேன். யாருக்கும் அது போதவில்லை. கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள்.

வெளியே வாசலில் ஒரு முதியவர் நின்றுகொண்டிருந்தார். மூப்பர் மா, அப்பாவோடு ஒரே கொட்டடியில் இருந்தவர். உங்களுக்கு நினைவிருக்கும், பற்கள் எல்லாம் போனவர்.

"உனக்கு எதிராத்தான் கை தூக்கினேன். சாப்பிட்டியா?" என்றார்.

சந்தைக்குப் பக்கத்தில் சூப்புக் கடைக்குக் கூட்டிப்போனார். சோற்றைச் சூப்பில் கரைத்துக் குடித்துக்கொண்டே சொன்னார்: "உங்கப்பா தினமும் வெளிப்படுத்தலை மனப்பாடமாச் சொல்லுவாரு, முதல்லேர்ந்து கடைசிவரைக்கும். ஆனா பசி தாங்கமுடியாத நாள்ல வாதைகளையெல்லாம் விட்டுடுவாரு. எக்காளம், கோபக்கலசம் ஒண்ணும் கிடையாது. நேரா புது எருசலேமுக்குப் போயிடுவாரு, கண்ணீரைத் துடைக்கிற இடத்துக்கு. நாங்க, 'பாஸ்டரே, நடுவுல விட்டுட்டீங்களே'ன்னா, 'அதான் இங்க நடந்துகிட்டிருக்கே, அதை எதுக்குச் சொல்லணும்'பாரு."

அக்கா, அதைக் கேட்டு நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு இரண்டு பேராலும் சூப்பைக் குடிக்க முடியவில்லை. முடிந்துபோனது என்று நான் எழுதினேன், வரப்போகிறது என்று நீங்கள் எழுதினீர்கள். அப்பாவுக்கு அது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

கிளம்பும்போது, "நீ சொன்னது தப்புன்னுதான் இப்பவும் நினைக்கிறேன்" என்றார். கழுத்துத் துணியை அவிழ்த்து எனக்குச் சுற்றிவிட்டார்.

வருட முடிவில் அறையைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று இன்னும் யோசிக்கவில்லை.

தல்சு

*

தொல்மே,
1959 டிசம்பர் 5

தம்பி,

யோசிக்க என்ன இருக்கிறது? இங்கே வா.

சம்சொன்போ நடுநிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்த ஆள் தேடுகிறார்கள். தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டேன். உனக்குப் பிடித்ததெல்லாம் பழைய சமாச்சாரம்தானே, சரியாக இருக்கும். மேடையில் ஏறத்தானே தடை, தரையில் உட்கார்ந்து வாசிக்கத் தடை இல்லையே. புதன்கிழமை பெண்களுக்கு நீ வாசி. நான் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் சண்டை போடுவேன். சோ கிழவர் இப்போதே சிரித்துக்கொண்டிருக்கிறார், பார்க்க ஆசையாக இருக்கிறதாம்.

மூப்பர் மா சொன்னதை நான்கு முறை வாசித்தேன். அப்பா விட்டுவிட்ட இடங்களை நான் ஒன்றுவிடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இருந்தாலும் அவர் சிரித்தார் என்பது எனக்குத் தெரியாது. நான் பார்க்கப் போனபோதெல்லாம் சிரிக்கவில்லை. அங்கே யாரோடோ சிரித்திருக்கிறார், அது போதும்.

கடற்கரைத் தெருவில் மறுபடி வீடு கட்டுகிறார்கள். இந்த முறை நாங்கள் எல்லோரும் சேர்ந்து மேட்டுக்கு ஒரு படிக்கட்டு வெட்டியிருக்கிறோம், கிழவிகளும் ஏறுகிற மாதிரி. கடல் ஏறினால் எதையும் எடுக்காமல் வரவேண்டும் என்று சபைக்கு வராதவர்களிடமும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அந்த வசனத்தை வைத்துத்தான் சொன்னேன். ஆண்டவர் வருகிற நாளைப் பற்றியும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், அதில் மாற்றம் இல்லை. நீ நினைப்பது போல நான் முழுசாக மாறிவிடவில்லை.

வரும்போது கெட்டியான பருத்திப் போர்வை ஒன்று கொண்டுவா. இங்கே இருந்த இரண்டில் ஒன்றைக் கடலில் வீட்டை இழந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். புத்தகப் பெட்டியை அப்புறம் அனுப்பச் சொல், படகு சின்னது. பதினைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமைப் படகில் வா, வீடு கட்ட மரம் ஏற்றுவதால் இந்த மாதம் மற்ற நாளில் ஆள் ஏற்றுவதில்லை.

சுனிமிடம் சொல்லிவிட்டேன், மாமா செவ்வாய்க்கிழமை வருகிறார் என்று. சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. இன்றைக்கு மதியம் பார்த்தால் வீட்டில் ஆளைக் காணோம். படகுத்துறையில் குளிரில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"செவ்வாய்க்கிழமைன்னு சொன்னேனேடி. இன்னும் பத்து நாள் இருக்கு" என்றேன்.

"தெரியும் பெரியம்மா."

"தெரிஞ்சுகிட்டே ஏன் வந்து உக்காந்திருக்க?"

"முன்னாடியே வந்துட்டாருன்னா?"

கூப்பிட்டுப் பார்த்தேன், எழுந்திருக்கவில்லை. என் சால்வையை அவள்மேல் போட்டுவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இங்கே உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதி முடிக்கிறேன்.

அக்கா